இருநூற்றுப் பதினொரு புள்ளிகள்

ஜூலை 8

இரண்டாம் ஆண்டு வகுப்பு இன்று தொடங்கியது. குற்றவியல் நீதி நிர்வாகம், இளநிலைப் பட்டம். எழுபத்தொரு வயதில் இந்த வரியை எழுதும்போது இன்னும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. நேற்றே வாரத்துக்கு வேண்டிய சட்டைகளைத் தேய்த்து மாட்டிவிட்டேன். மூன்று பென்சில் சீவி வைத்தேன். பேருந்து தாமதமானால் என்ன செய்வது என்று அடுத்த பேருந்தின் நேரத்தையும் அட்டையில் குறித்துக்கொண்டேன்.

புறப்படும்போது அவள் சொன்னாள்: "முப்பத்தி நாலு வருஷம் கோர்ட்டு. இப்ப காலேஜு. ஜெயில் ஒண்ணுதான் பாக்கி உங்களுக்கு."

என் மனைவி எப்போதும் சிரிக்காமல்தான் கேலி செய்வாள்.

வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். என் பக்கத்து இருக்கையில் போன வருடத்தைப் போலவே அந்தப் பெண்தான். ஒவ்வொரு வகுப்பிலும் கையைத் தூக்குவதால் எல்லோரும் அவளைக் 'கேள்வி' என்கிறார்கள். அவள் என்னை 'சீனியர்' என்கிறாள். "என்ன சீனியர், லீவுல புத்தகம் எல்லாத்தையும் கரைச்சுக் குடிச்சாச்சா?" குடித்திருந்தேன். சொல்லவில்லை.

ஜூலை 19

கண்ணால் கண்ட சாட்சி பற்றிய பாடம். பேராசிரியை முன்பு சிறை அதிகாரியாக இருந்தவர், பிள்ளைகள் வைத்த பெயர் ஜெயிலம்மா. பாடத்தின் நடுவே ஒருவன் கதவைத் திறந்துகொண்டு வந்தான், மேசை மேலிருந்த அவர் பையை எடுத்தான், போய்விட்டான். எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் அமைதியாக, "அவன் எப்படி இருந்தான், எழுதுங்க" என்றார். வேண்டுமென்றே வரச்சொன்ன ஆள்.

நீலச் சட்டை என்று எழுதினேன். அடிக்கோடும் போட்டேன். சட்டை பச்சை.

முப்பத்துநாலு வருடம் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளனாக உட்கார்ந்து, சாட்சிகள் சொன்னதையெல்லாம் எடுத்தவன் நான். என் கண்ணே இவ்வளவுதானா?

ஆகஸ்ட் 5

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

ஜெயிலம்மா இன்று ஒரு பழைய வழக்கின் சாட்சியப் பதிவை நகலெடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். பெயர்களை எல்லாம் மை வைத்து மறைத்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஒருவர் தன் கிடங்கிலேயே கொல்லப்பட்ட வழக்கு. கிடங்கின் பின்கதவு வழியாக ஓர் ஆள் ஓடியதைப் பார்த்தது பக்கத்து வீட்டுக் குழந்தை மட்டும்தான். ஏழு வயதுச் சிறுமி. அவள் அடையாளம் காட்டியதால் எதிர்வரிசைச் சலவைக் கடைக்காரருக்கு ஆயுள் தண்டனை. இருபத்திரண்டு வருடமாக உள்ளே இருக்கிறார். ஜெயிலம்மா வேலை பார்த்த சிறையில்தான். ஜெயிலம்மாவும் இரண்டு வழக்கறிஞர்களும் சேர்ந்து மறுஆய்வு மனு போட்டிருக்கிறார்களாம்.

முதல் பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மறைத்த பெயர்கள் எனக்குத் தேவையே இல்லை. ஒவ்வொரு வரியிலும் 'ற' ஒரு மயிரிழை கீழே இறங்கி நிற்கிறது. அந்தத் தட்டச்சு எந்திரத்தை ஒன்பது வருடம் நான் அடித்தேன். பழுதுபார்ப்பவர் மூன்று முறை வந்தும் அந்த எழுத்து மேலே ஏறவில்லை.

பன்னிரண்டாம் பக்கம்:

கே: நீ பார்த்த ஆள் இங்கே இருக்கிறாரா?
ப: (சாட்சி, குற்றம் சாட்டப்பட்டவரைக் கைகாட்டி அடையாளம் காட்டுகிறார்.)

'கேள்வி' கையைத் தூக்கினாள். "மேடம், குழந்தை உடனே காட்டிடுச்சா?"

"ரெக்கார்டு அப்படித்தான் சொல்லுது. தீர்ப்புலயும் 'சிறிதும் தயக்கமின்றி'ன்னு இருக்கு. இந்த மூணு வார்த்தையைத் தாண்டி எங்களால போக முடியல."

அது இரண்டு வார்த்தைதான் என்று மனதுக்குள் திருத்தினேன். என்ன மனிதன் நான்.

ஆகஸ்ட் 6

வகுப்புக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று மனைவியிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 11

பரண் மேலிருந்த பெட்டியை இறக்கினேன்.

சுருக்கெழுத்து நோட்டுகளை மூன்று வருடம் வைத்திருந்து, பிறகு அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும், அவர்கள் எரித்துவிடுவார்கள். விதி அது. நான் விதியை மீறாதவன். ஆனால் ஒவ்வொரு வருடத்தின் கடைசி நோட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். கையெழுத்து வருடா வருடம் தேறுகிறதா, தேய்கிறதா என்று பார்க்க. யாரிடமும் சொன்னதில்லை. குழந்தை சாட்சி சொன்னது டிசம்பர் மாதம்.

நோட்டு இருந்தது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நீதிமன்றத்தில் யாரும் பேசாத நேரத்தில் பென்சில் சும்மா நின்றால் விரல் விறைத்துக்கொள்ளும். பிறகு யாராவது திடீரென்று பேசினால் முதல் நாலு சொல் தவறிவிடும். அதனால் நீதிபதியின் தலைக்கு மேலிருந்த சுவர்க்கடிகாரம் நொடிக்கொரு தட்டுத் தட்டும்போதெல்லாம் ஒரு புள்ளி வைப்பேன். கைக்கு ஒரு வேலை, அவ்வளவுதான். மாலையில் தட்டச்சு செய்யும்போது புள்ளிகளையும் இடைவேளைகளையும் விட்டுவிடுவேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் புள்ளிகளையும் சேர்த்து அடித்து ஒரு தடவை கொண்டுபோனேன். பெரிய ஐயா — எங்கள் நீதிபதியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம் — சிரித்தார். "மௌனத்தை டைப் அடிக்க முடியாதுய்யா. பேசினதை அடி."

பன்னிரண்டாம் பக்கத்துக் கேள்விக்குப் பிறகு நோட்டில் புள்ளிகள். ஒரு பக்கம் முழுக்க. அடுத்த பக்கத்திலும் பாதி.

மூன்று தடவை எண்ணினேன். இருநூற்றுப் பதினொன்று.

அதாவது மூன்றரை நிமிடம். ஏழு வயதுக் குழந்தை கூண்டில் நின்றுகொண்டு மூன்றரை நிமிடம் பேசவில்லை. அந்த மனிதர் எதிரில்தான் நின்றார். அவள் காட்டவில்லை. புள்ளிகளுக்கு அப்புறம் 'இடைவேளை' என்று நானே போடும் ஒரு சுழி. பிறகுதான் அந்தப் பதில்.

ஆகஸ்ட் 12

இடைவேளையில் நடந்ததும் நினைவிருக்கிறது — இருக்கிறதா? பெரிய ஐயா, "பாப்பா தண்ணி குடிச்சிட்டு வரட்டும்" என்று உள்ளே போனார். நான் பென்சில் சீவ ஜன்னலோரம் போனேன். வராந்தாவில் விசாரணை அதிகாரி குழந்தை முன்னால் குந்தி உட்கார்ந்து அவள் செருப்பு வாரை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டே ஏதோ சொன்னார். அந்த மனிதர் நின்ற அறையின் வாசல் பக்கம் முகவாயால் காட்டினார். காட்டினாரா? செருப்பு வாரை மட்டும்தான் மாட்டினாரோ என்னவோ. நீலச் சட்டை என்று அடிக்கோடு போட்டவன் நான்.

ஆனால் புள்ளி என்பது ஞாபகம் அல்ல. புள்ளி பென்சில். அது அன்றைக்கே வைத்தது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். தீர்ப்பை ஐயா சொல்லச் சொல்ல அடித்ததும் நான்தான். 'சிறிதும் தயக்கமின்றி' என்றபோது என் விரல் நின்றுவிட்டது. "என்ன, மெஷின் மக்கர் பண்ணுதா?" என்றார். "இல்லைங்க ஐயா" என்றேன். அடித்தேன்.

ஆகஸ்ட் 23

மனு செப்டம்பர் 19 அன்று விசாரணைக்கு வருகிறது. ஜெயிலம்மா வகுப்பில் சொன்னார். அந்தக் குழந்தை இப்போது வெளிநாட்டில் இருக்கிறாளாம். தொலைபேசியில் பேசியிருக்கிறார்கள். "எனக்கு ஏழு வயசு. ஒண்ணுமே ஞாபகம் இல்ல. தயவுசெஞ்சு இனிமே கூப்பிடாதீங்க" என்றாளாம். அன்றைய எதிர்த்தரப்பு வக்கீல் இறந்துவிட்டார். விசாரணை அதிகாரியும் இறந்துவிட்டார்.

"அன்னிக்கு அந்த ரூம்ல இருந்த வேற யாராவது கிடைச்சா நல்லா இருக்கும்" என்றார்.

'கேள்வி' சொன்னாள்: "டைப் அடிச்சவர் இருப்பாருல்ல மேடம்?"

"இருந்தாலும் அவருக்கு என்ன தெரியப்போகுது? கை ஓடும், காது கேட்கும், அவ்வளவுதான். அவங்க எல்லாம் மெஷின் மாதிரி."

நான் தலையைக் குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அதையும் குறித்திருக்கிறேன்: 'மெஷின் மாதிரி.'

செப்டம்பர் 1

பெரிய ஐயாவைப் பார்க்கப் போனேன். எண்பத்தொரு வயது. சாய்வு நாற்காலியில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். என் மகள் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனவர். என்னை உட்காரச் சொன்ன ஒரே நீதிபதி.

மருந்துக்கடை வழக்கைப் பற்றிக் கேட்டேன். சலவைக் கடைக்காரரை நினைவிருந்தது. குழந்தையையும் நினைவிருந்தது.

"அந்தப் பாப்பா ரொம்ப நேரம் பேசாம நின்னுச்சுங்களே ஐயா."

"அப்படியா?" யோசித்தார். "எனக்கு அப்படி ஞாபகம் இல்லையே. உடனே காட்டிச்சுன்னுதானே தீர்ப்புல எழுதினோம்?"

"ஆமாங்க ஐயா."

"அப்ப அப்படித்தான்யா இருந்திருக்கும். நான் மறந்தாலும் உன் ரெக்கார்டு மறக்காது. எழுதறதுக்கு முந்தி நாலு தடவை புரட்டிப் பார்த்தேன். உன் ரெக்கார்டை நம்பித்தானே நான் தீர்ப்பே எழுதினேன்."

அவர் மேல் தப்பில்லை. அவர் என்னை நம்பினார். நான் அவர் சொன்னபடி செய்தேன். இரண்டு பேரும் ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறோம். ஓர் ஆள் இருபத்திரண்டு வருடமாக உள்ளே இருக்கிறார்.

நோட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 12

இன்றும் நோட்டைக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். ஜெயிலம்மா அறை வாசல் வரை போனேன். உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். தொந்தரவு பண்ண வேண்டாமே என்று திரும்பிவிட்டேன்.

தொந்தரவு. இந்தச் சொல்லுக்குள் எத்தனை வருடம் ஒளிந்துகொண்டேன்.

பயம் எதற்கு என்று பட்டியல் போட்டுப் பார்த்தேன். அரசாங்க நோட்டை வீட்டில் வைத்திருந்தது குற்றம். ஐயாவின் பெயர் கெடும். என் பெயர் கெடும். நாலாவதாக ஒன்று உண்டு, அதைப் பட்டியலில் எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்: அந்த மனிதர் உண்மையிலேயே நிரபராதியாக இருந்துவிட்டால்?

செப்டம்பர் 18

நாளைக் காலை சீக்கிரம் போய்க் கொடுத்துவிடுவேன்.

செப்டம்பர் 19

காலையில் பேருந்து நிறுத்தம் வரை போய் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேருந்துகளை விட்டேன். மூன்றாவதில் ஏறி நீதிமன்றம் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு பத்து. மனு பதினொன்றரைக்கே தள்ளுபடியாகிவிட்டது. 'பதிவில் தயக்கம் எதுவும் காணப்படவில்லை.'

படிக்கட்டில் 'கேள்வி' உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "நீங்களும் வந்தீங்களா சீனியர்? வீணா அலைஞ்சிட்டீங்களே."

தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினாள். குடித்தேன்.

அக்டோபர் 3

மதியம் சாப்பிடும்போது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டிலேயே கையை வைத்துக்கொண்டு கேட்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் 'ங்க' போய்விடும்.

"பதினஞ்சு நாளா இதை வச்சுக்கிட்டு என் கூட உக்காந்து சாப்பிட்டிருக்க."

"ரெண்டு மாசமா," என்றேன். திருத்தாமல் இருக்க முடியவில்லை.

"எழுந்திரு. கையைக் கழுவு. போ."

போனேன். ஜெயிலம்மா நோட்டைப் புரட்டினார். புள்ளிகள் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "என் கிளாஸ்ல முதல் பெஞ்சுல உக்காந்திருந்தீங்க" என்றார். குரல் ஏறவே இல்லை.

"ஆமாங்கம்மா."

"மெஷின் மாதிரின்னு சொன்னேன். குறிச்சுக்கிட்டீங்க."

"ஆமாங்கம்மா."

"போன மாசம் அவருக்கு நுரையீரல்ல நீர் எடுத்தாங்க. மனு தள்ளுபடின்னு நான்தான் போய்ச் சொன்னேன். பரவாயில்லம்மான்னு எனக்கு ஆறுதல் சொன்னாரு." நோட்டை மூடினார். "இன்னொரு மனு போடணும்னா புதுசா சாட்சி வேணும். கூண்டுல ஏறுவீங்களா?"

ஏறுகிறேன் என்றேன். என் குரல்தானா அது?

அக்டோபர் 4

நோட்டு விஷயம் தெரிந்ததும் 'கேள்வி' இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள். கடைசி வரிசையில்.

ஜனவரி 22

கூண்டு நான் நினைத்ததைவிடக் குறுகலாக இருக்கிறது. முப்பத்துநாலு வருடம் அதை எதிரிலிருந்துதான் பார்த்தேன். கைப்பிடிக் கம்பி வழவழவென்று தேய்ந்திருக்கிறது. எத்தனை பேர் பிடித்தது.

அரசு வழக்கறிஞர் மரியாதையாகவே கேட்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இந்தப் புள்ளிகளுக்கு நீங்க சொல்ற அர்த்தம் எந்தச் சுருக்கெழுத்துப் புத்தகத்துலயாவது இருக்கா?"

"இல்லைங்க. என் சொந்தப் பழக்கம்."

"வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்ப அது மௌனம்னு நீங்க மட்டும்தான் சொல்றீங்க. நீங்க தூங்கி வழிஞ்சு பென்சில் தட்டினதா இருக்கலாமே?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"உங்க ஞாபகசக்தி எப்படிங்க?"

சத்தியம் செய்திருக்கிறேனே. பச்சைச் சட்டையை நீலம் என்று எழுதியதைச் சொன்னேன். அவரே எதிர்பார்க்கவில்லை. எங்கள் வழக்கறிஞர் கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசியாக: "தயக்கமின்றின்னு தீர்ப்புல அடிக்கும்போதே, அது உண்மை இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பேச்சு வரவில்லை. எண்ணலாம் என்று சுவரைப் பார்த்தேன். கடிகாரம் இருக்கிறது, ஆனால் சிவப்பு எண்கள் ஓடும் புது மாதிரி, தட்டுவதில்லை. கீழே கணினியில் பதிவு செய்கிற பெண், விரல்களை விசைகளுக்கு மேலே தூக்கியபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விரல்களை எனக்குத் தெரியும். விறைத்துக்கொள்ளும்.

"தெரியும்," என்றேன்.

விரல்கள் இறங்கின.

வெளியே வந்ததும் 'கேள்வி' வந்து என் பையை வாங்கிக்கொண்டாள். பேருந்து நிறுத்தம் வரை சுமந்து வந்தாள். ஏறும்போது கேட்டாள்: "சட்டை விஷயத்தை ஏன் சொன்னீங்க?"

"கேட்டாங்களே."

"ஐயோ சீனியர்" என்றாள்.

பிப்ரவரி 17

என் சாட்சியத்தின் சான்றிட்ட நகல் வந்தது. ஆறு பக்கம். பிழை ஒன்றுமே இல்லை, சுத்தமான வேலை. கடைசிக் கேள்விக்கு நேராக:

ப: தெரியும்.

நடுவில் ஒன்றும் இல்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கும் தெரியாது, பதிவு செய்த அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும். படிக்கிறவர்களுக்கு நான் உடனே, சிறிதும் தயக்கமின்றி, சொன்னதாகத்தான் தோன்றும். நானும் அப்படித்தான் அடித்திருப்பேன்.

பிப்ரவரி 26

பெரிய ஐயா வீட்டுக்குத் தொலைபேசி செய்தேன். அவர் மருமகள் எடுத்தார். "மாமா தூங்கறாங்க." காலை பத்து மணி. பின்னால் அவர் இருமல் சத்தம் கேட்டது.

ஏப்ரல் 9

உத்தரவு வந்துவிட்டது. புள்ளிகளை வைத்தவரைத் தவிர வேறு யாராலும் படிக்க முடியாததால் அவற்றை ஆதாரமாக ஏற்க இயலாது. சாட்சி தன் நினைவாற்றலின் குறையைத் தானே ஒப்புக்கொண்டிருக்கிறார். தண்டனைத் தீர்ப்பு நிற்கிறது. ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்ததையும் உடல்நிலையையும் கருதி, மீதித் தண்டனையைத் தள்ளுபடி செய்வது பற்றி அரசு பரிசீலிக்கலாம்.

'கேள்வி' இரண்டு தடவை படித்தாள். "அப்ப வெளிய வருவாரு. ஆனா கொலைகாரராத்தான் வருவாரு. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

நோட்டை வைத்திருந்ததற்காக என் மேல் நடவடிக்கை எதுவும் வேண்டியதில்லை என்றும் உத்தரவில் இருக்கிறது. என் வயதைக் கருதி. அந்த வரியைத்தான் தாங்க முடியவில்லை.

மே 4

நாளை மறுநாள் விடுகிறார்கள். நான் வரலாமா என்று ஜெயிலம்மாவிடம் கேட்டேன். என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். வாங்கிப் படித்தார். நாலாக மடித்துத் தன் மேசை டிராயரில் போட்டார்.

"வந்து நில்லுங்க. மன்னிப்பு மட்டும் கேட்காதீங்க. அது அவருக்கு இன்னொரு வேலை."

மே 6

சிறை வாசல். காலை ஒன்பதேகால். நான், ஜெயிலம்மா, சலவைக் கடைக்காரரின் தங்கை. இருபத்திரண்டு வருடத்தில் மனைவி போய்விட்டார். கடை இருந்த இடத்தில் இப்போது வேறு கட்டடம்.

சின்னக் கதவு வழியாகக் குனிந்து வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. நான் நினைத்து வைத்திருந்த முகம் இல்லை. என்னைவிடச் சின்னவர், என்னைவிடக் கிழவர். நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். ஜெயிலம்மா என்னைக் காட்டி, "இவருதான் அந்த நோட்டுக்காரர்" என்றார்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கடிகாரம் இல்லாததால் என் மணிக்கட்டு நாடியைப் பிடித்து எண்ணினேன்.

"டைப் அடிச்சவர் நீங்கதானா?"

"நான்தாங்க."

. . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . .

"சட்டை யாரு தேய்ச்சது?"

"நான்தாங்க."

கையை நீட்டி என் காலரின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "உள்பக்கம் முதல்ல தேய்க்கணும். அப்புறம்தான் வெளிப்பக்கம். இல்லன்னா சுருக்கம் அப்படியே தங்கிடும்."

விரலை எடுத்துக்கொண்டு, தங்கையின் தோளைப் பிடித்து நடந்தார்.